மார்செல்லா செம்ப்ரிக்: பியானோ, வயலின், அப்புறம் குரல் (விவாத இழை)

ஊசிமுனை (இழையைத் தொடங்கியவர்)

1884 ஏப்ரல் 21, நியூயார்க். மெட்ரோபாலிட்டன் ஓப்பரா தன் முதல் சீசனை முடித்திருந்தது. அதை நடத்திய ஹென்றி ஆபி கடனில் மூழ்கிக் கிடந்தார். அவருக்குக் கைகொடுக்க ஒரு நிதிக் கச்சேரி வைத்தார்கள். 26 வயதுப் பாடகி ஒருவர் அன்றைக்குப் பாடியதோடு விடவில்லை. வயலினை எடுத்து பெரியோவின் கான்சர்ட்டோ வாசித்தார். பியானோ முன்னால் உட்கார்ந்து போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் மஸுர்க்கா நடன இசை ஒன்றும் வாசித்தார். விளையாட்டுக்கு வாசித்ததில்லை. இரண்டிலும் முறையாகப் பயின்று, இரண்டில் எதையாவது தொழிலாக எடுத்திருந்தாலும் பிழைத்திருக்கக்கூடியவர்.

அவர்தான் மார்செல்லா செம்ப்ரிக். 1858 முதல் 1935 வரை வாழ்ந்தவர். போலந்துக்காரர்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். "இரண்டு வாத்தியத்தையும் விட்டுவிட்டுப் பாட்டுக்கு வந்தார்" என்றுதான் எல்லாக் குறிப்பிலும் எழுதுகிறார்கள். எனக்கு அது தப்பாகப் படுகிறது. எதையும் விடவில்லை, எல்லாவற்றையும் தொண்டைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அவருடைய கிராமஃபோன் தட்டுகளைக் கேட்டவர்கள் யாராவது இருந்தால் பேசலாம்.

சும்மா வந்தவன்

அண்ணே, பேரே இப்பத்தான் கேள்விப்படறேன். கொஞ்சம் ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க. அப்புறம் "செம்ப்ரிக்"னா போலிஷ் பேரு மாதிரியே இல்லையே?

ஊசிமுனை

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பிறந்த பெயர் பிரக்ஸெதா மார்செலினா கொஹான்ஸ்கா. செம்ப்ரிக் என்பது அம்மா வீட்டுப் பெயர், மேடைக்காக எடுத்துக்கொண்டது. போலிஷ் உச்சரிப்பில் கடைசி எழுத்து "ஹ்" போல ஒலிக்கும், "செம்ப்ரிஹ்" என்று. அமெரிக்காவில் அது "செம்ப்ரிக்" ஆகிவிட்டது. நானும் அதையே எழுதிப் பழகிவிட்டேன்.

அப்பா காஜிமியெஷ் கொஹான்ஸ்கி, இசை வாத்தியார். ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த குடும்பம். குழந்தைக்கு நாலு வயதில் பியானோ, ஆறு வயதில் வயலின். அச்சடித்த இசைத்தாள் வாங்கக் காசு இல்லை. இரவல் வாங்கிய தாளைக் கையால் நகல் எடுப்பதும் அந்தச் சின்னப் பெண்ணின் வேலை. விளக்கு வெளிச்சத்தில் ஒரு சோனாட்டாவை வரி வரியாக எழுதிப் பார்க்கிற குழந்தைக்கு, வாசிப்பதற்கு முன்பே அதன் எலும்புக்கூடு மனப்பாடம் ஆகியிருக்கும். பின்னாளில் ஓப்பரா ஒத்திகைகளில் இசைக்குழு என்ன செய்கிறது என்பது இவருக்கு நடத்துநருக்குச் சமமாகத் தெரிந்திருந்தது என்றால், அதற்கு விதை இங்கேதான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

பெண்ணின் வாசிப்பைக் கேட்ட ஒரு பெரியவர் செலவை ஏற்றுக்கொண்டு லெம்பெர்க் இசைப்பள்ளியில் சேர்த்துவிட்டார். லெம்பெர்க், அதாவது போலிஷில் லுவூஃப், இன்றைய லிவிவ். அந்தப் பள்ளியின் தலைவர் அப்போது கரோல் மிகுலி, ஷோபானின் நேரடி மாணவர். பியானோ ஆசிரியர் வில்ஹெல்ம் ஷ்டெங்கெல். அந்த ஷ்டெங்கெல்தான் பிறகு கணவரானார், 1877-இல்.

வயலின்காரி

பியானோ மேதை லிஸ்ட் கதையை விட்டுட்டீங்களே ஊசி சார். அதைச் சொல்லாம இந்த இழையே நகராது.

1874-ல ஷ்டெங்கெல் இவங்களை லிஸ்ட் கிட்ட கூட்டிட்டுப் போறார். 16 வயசு. பியானோ வாசிக்கறாங்க, வயலின் வாசிக்கறாங்க, கடைசியில ஒரு பாட்டு. கடவுள் உனக்கு மூணு ஜோடி இறக்கை குடுத்திருக்கார், எதையும் விட்டுடாதே, ஆனா பாடு, உலகத்துக்காகப் பாடுன்னு லிஸ்ட் சொன்னதா வாழ்க்கைக் குறிப்புகள்ல வரும். வார்த்தை அப்படியே இதுதானான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், இந்த மாதிரிக் கதை சொல்லச் சொல்ல மெருகு ஏறிடும். ஆனா "எதையும் விட்டுடாதே"ங்கற பாதியை எல்லாரும் மறந்துட்டு "பாடு"வை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த வகையில உங்க கட்சிதான் நானும்.

அப்புறம் வியன்னா. அங்கேயும் மூணையும் சேர்த்தே படிச்சாங்க. பிறகு மிலான்ல லாம்பெர்ட்டி கிட்ட குரல் பாடம்.

சும்மா வந்தவன்

16 வயசுல லிஸ்ட் முன்னாடி. நான் 16 வயசுல ப்ளஸ் ஒன் கணக்குல ஃபெயில் ஆகிட்டு இருந்தேன்.

கணக்குப்பிள்ளை

தம்பி, என் பேரைக் காப்பாத்துங்க.

ராத்திரி ரயில்

முதல் மேடை 1877-இல் ஏதென்ஸ், பெல்லினியின் "இ பூரித்தானி". அடுத்த வருஷம் டிரெஸ்டனில் "லூச்சியா தி லாம்மர்மூர்". 1880-இல் லண்டன் கோவென்ட் கார்டன், அங்கேயும் லூச்சியா. 1883 அக்டோபர் 24-இல் மெட்ரோபாலிட்டன், மறுபடியும் லூச்சியாவேதான். கட்டடம் திறந்ததே அக்டோபர் 22, "ஃபாஸ்ட்" ஓப்பராவோடு. ஆக, அந்த மேடையின் இரண்டாவது நிகழ்ச்சியே இவருடையது.

ஆனால் ஒரு சந்தேகம். அந்த ஒரு சீசனுக்குப் பிறகு 1898 வரை மெட்ரோபாலிட்டனில் இவர் பெயரே இல்லை. 14 வருஷம். ஏன்?

ஊசிமுனை

பணம்தான். ஆபி பெரிய பெரிய நட்சத்திரங்களுக்குக் கொட்டிக் கொடுத்து, கடைசியில் கையைச் சுட்டுக்கொண்டார். அடுத்த சீசனை லியோபோல்ட் டாம்ரோஷ் கையில் கொடுத்தார்கள். ஜெர்மன் பாடகர்கள், ஜெர்மன் மொழி. இத்தாலிய நட்சத்திரங்களைவிட அவர்களுக்குச் சம்பளம் குறைவு, நியூயார்க்கில் ஜெர்மன்காரர்கள் கூட்டமும் அதிகம். ஏழு சீசன் அப்படியே ஓடியது. பெல்லினி, தொனிசெத்தி பாடுகிறவருக்கு அங்கே என்ன வேலை? ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பெர்லின் என்று அந்தக் காலம் போயிற்று.

1898-இல் திரும்பி வந்தபின் 1909 வரை அங்கேதான். வயொலெத்தா, ஜில்டா, ரொஸீனா, சுஸான்னா, ராத்திரி ராணி, மிமி. லேசான குரல்காரிக்கு எட்டாத பாத்திரங்களைத் தேடிப் போகவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 50 வயதுவரை குரல் நின்றதற்கு அந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

சும்மா வந்தவன்

ஒரு குதர்க்கமான கேள்வி. இப்ப மேப்ல பாத்தேன். அவங்க பிறந்த விஷ்னியெவ்சிக் உக்ரைன்ல இருக்கு. பிறந்தப்ப ஆஸ்திரியா. செத்தது நியூயார்க். இதுல போலந்து எங்க வந்துச்சு?

ராத்திரி ரயில்

குதர்க்கம் இல்லை, நியாயமான கேள்விதான். 1795 முதல் 1918 வரை வரைபடத்தில் போலந்து என்ற நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டுக்கொண்டன. கிழக்கு கலீஷியா ஆஸ்திரியாவின் பங்கு. அங்கே போலிஷ்காரர்கள், உக்ரைனியர்கள், யூதர்கள் எல்லாரும் கலந்து இருந்தார்கள். நாடு இல்லாததால் மொழியும் பாட்டும்தான் அடையாளம். ஆகவே பிறந்த ஊர் இன்று யார் கையில் என்பதை வைத்து இவரை முடிவு செய்ய முடியாது.

இவர் தன்னை எப்படிப் பார்த்தார் என்பதற்கு இரண்டு சாட்சி போதும். முதல் உலகப் போரில் போலந்து நிலம் இரு பக்கப் படைகளுக்கும் நடுவில் நசுங்கியபோது, நியூயார்க்கில் போலந்து நிவாரணக் குழுவுக்குத் தலைவராக இருந்து பணம் திரட்டினார். இன்னொன்று சின்ன விஷயம். கச்சேரியில் கூட்டம் இன்னொரு பாட்டு கேட்டால், தானே பியானோவில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டு ஷோபானின் "ஜிச்செனியெ"யைப் போலிஷ் மொழியிலேயே பாடுவார். "விருப்பம்" என்று பொருள். நியூயார்க் ஹாலில் போலிஷ் புரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

வேடிக்கை என்னவென்றால், 1902-இல் பதெரெவ்ஸ்கியின் "மன்ரு" ஓப்பரா மெட்ரோபாலிட்டனுக்கு வந்தபோது கதாநாயகி ஊலானா இவர்தான். இசையமைத்தவர் போலிஷ், பாடகி போலிஷ். ஆனால் பாட்டு வரிகள் எழுதப்பட்டது ஜெர்மனில்.

பழைய கொட்டகை

போலந்து சோப்ரானோ (உச்சக் குரல் பாடகி) என்றால் எனக்கு ரோஸா ரைஸாதான். பியாவிஸ்டோக்கில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1906 படுகொலைக்குப் பிறகு சிறுமியாக இத்தாலிக்கு ஓடியவர். 1926 ஏப்ரல் 25-இல் மிலானில் "தூராந்தோத்" முதன்முதலாக மேடையேறியபோது தூராந்தோத் அவர்தான். புச்சீனி எழுதி முடிக்காமல் இறந்துவிட்டதால் லியூ என்ற பாத்திரம் சாகிற இடத்தோடு நடத்துநர் தொஸ்கனீனி கோலைக் கீழே வைத்தாரே, அந்த ராத்திரி. அந்தப் பாத்திரத்தில் அவர் பாடிய ஒரு தட்டுகூட இல்லை. செம்ப்ரிக்குக்காவது தட்டு இருக்கிறது, நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மட்டுறுத்துநர்

ரைஸாவுக்குத் தனி இழை திறக்கலாமே பழைய கொட்டகை. நல்ல விஷயம், இங்கே அடியில் புதைந்துபோகும்.

பழைய கொட்டகை

திறக்கிறேன். ஆனால் தட்டு இருந்தும் என்ன பிரயோசனம் என்று செம்ப்ரிக் ரசிகர்களைக் கேட்கத்தான் வந்தேன். நான் கேட்ட வரையில் புல்லாங்குழலுக்கும் கொசுவுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அதே காலத்து ஆண் பாடகர் கரூஸோவின் தட்டைப் போட்டால் ஆள் முன்னால் வந்து நிற்கிறான். இந்த அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் பாடுகிற மாதிரி இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு "தொண்டைக்குள் வயலின்" என்றெல்லாம் சொல்வது கொஞ்சம் அதிகப்படி.

கணக்குப்பிள்ளை

அது அவங்க தப்பு இல்ல, குழலோட தப்பு.

1925 வரைக்கும் ஒலிப்பதிவுல மைக்கே கிடையாது. பாடறவங்க ஒரு பெரிய தகரக் குழல் முன்னாடி நின்னு பாடணும். அந்தக் காத்து அழுத்தமே ஊசியை ஆட்டி மெழுகுல கோடு போடும். அந்தக் குழலுக்குச் சுமார் 250 ஹெர்ட்ஸ்ல இருந்து 2,500 வரைக்கும்தான் காது கேக்கும்னு வெச்சுக்கங்க.

இப்ப கரூஸோ நடு ஸ்தாயியில 300 ஹெர்ட்ஸ்ல ஒரு சுரம் பிடிக்கறார். அதோட கூடவே ஒலிக்கற மேற்சுரங்கள் 600, 900, 1,200ன்னு போகும். அடிச்சுரத்தோட சேத்து 2,500க்குள்ள எட்டு வந்துடும். குரலோட நிறம் முழுக்க அதுலதானே இருக்கு. செம்ப்ரிக் உச்ச ஸி பிடிச்சா அடிச்சுரமே 1,046. அடுத்தது 2,093. அதுக்கு மேல 3,139, அது குழலுக்குக் கேக்காது. ஆக மிஞ்சறது ரெண்டே ரெண்டு. ரெண்டு சுரத்தை வெச்சு எந்தக் குரலை அடையாளம் கண்டுபிடிப்பீங்க? புல்லாங்குழல் மாதிரிதான் கேக்கும்.

பழைய கொட்டகை

சரி, கொசுவை வாபஸ் வாங்குகிறேன். புல்லாங்குழல் நிற்கட்டும்.

வயலின்காரி

நிறம் போச்சு, ஒத்துக்கறேன். ஆனா நிறம் மட்டுமா பாட்டு? சுருதி போகலையே, காலம் போகலையே.

நான் தட்டுல கவனிக்கறது ட்ரில்லை. ரெண்டு சுரத்துக்கு நடுவுல வேகமா ஆடறது. முக்கால்வாசிப் பேர் பாடினா அது ஒரு நடுக்கம்தான், மேல் சுரம் எது கீழ் சுரம் எதுன்னு தெரியாது. இவங்க ட்ரில்லை மெதுவா ஓட்டிக் கேட்டா ரெண்டு சுரமும் தனித்தனியா, ரெண்டும் அதனதன் இடத்துல நிக்குது. வயலின்ல ட்ரில் பழகறப்போ விரல் விழற இடம் ஒரு மயிரிழை தள்ளினாலும் ஆசிரியர் தலையை நிமிர்த்துவார். பியானோ மாதிரி கட்டை அங்க இல்ல, காதுதான் கட்டை. ஆறு வயசுல அந்தக் காது வந்துடுச்சுன்னா தொண்டைக்கும் அது பொருந்தத்தானே செய்யும்?

இன்னொண்ணு மூச்சு. வில் கீழ போய்ட்டு மேல திரும்பற இடத்துல தையல் தெரியக்கூடாதுன்னு எங்களுக்கு வருஷக்கணக்கா அடிச்சுச் சொல்லுவாங்க. இவங்க ஒரு சொற்றொடரை முடிச்சு அடுத்ததை எடுக்கற இடம் அந்த மாதிரிதான். மூச்சு வாங்கினது நமக்குத் தெரியறதில்ல.

ஊசிமுனை

இதைத்தான் நான் எழுதத் தெரியாமல் முதல் பதிவில் தடுமாறினேன்.

இன்னொரு தகவலும் சேர்த்துவிடுகிறேன். ஸ்டூடியோ தட்டுகள் இல்லாமல் வேறொரு பொக்கிஷமும் உண்டு. மெட்ரோபாலிட்டன் நூலகர் லயனல் மேப்பிள்சன் 1900-இல் எடிசன் ஃபோனோகிராஃப் ஒன்றை வாங்கி, 1903 வரை நடக்கிற நிகழ்ச்சிகளையே மெழுகு உருளைகளில் பிடித்தார். முதலில் மேடைக்கு முன்னால், பிறகு மேடைக்கு மேலே உயரத்தில் இருந்த நடைபாதையிலிருந்து. ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷத்துக்குள். செம்ப்ரிக்கும் அதில் இருக்கிறார். நண்பர்களுக்குப் போட்டுக்காட்டிக் காட்டி மெழுகு தேய்ந்துவிட்டதால், எண்ணெயில் எதையோ வறுக்கிற மாதிரி சத்தம்தான் முக்கால்வாசி. ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே திடீரென்று குரல் எழும்பி அரங்கத்துக்குள் போவது கேட்கும். குழல் முன்னால் கைகால் ஆட்டாமல் நின்று பாடுகிற ஆள் இல்லை அது. கூட்டத்துக்குப் பாடுகிற ஆள்.

சும்மா வந்தவன்

அந்த நூலகர் மட்டும் இப்ப இருந்திருந்தா கேட்டிலயே ஃபோனைப் பிடுங்கி வெச்சிருப்பாங்க.

ராத்திரி ரயில்

கரூஸோ பேச்சு வந்ததால் சொல்கிறேன். அவர் மெட்ரோபாலிட்டனில் முதன்முதலில் ஏறியது 1903 நவம்பர் 23, "ரிகோலெத்தோ". அன்றைக்கு ஜில்டா செம்ப்ரிக். 1906-இல் குழு சான் ஃபிரான்சிஸ்கோ போயிருந்தபோதுதான் ஏப்ரல் 18 பூகம்பம். ஹோட்டலில் கரூஸோ என்ன செய்தார் என்பது பற்றி நூறு கதை உண்டு, எல்லாருக்கும் தெரியும். செம்ப்ரிக் உடைகளையெல்லாம் தீயில் இழந்தார். அதைவிட முக்கியம், நியூயார்க் திரும்பியதும் அவர் செய்தது. தனியாக ஒரு கச்சேரி வைத்து, வாத்தியங்களை இழந்த இசைக்குழுக்காரர்களுக்கும் கோரஸ்காரர்களுக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டார். நட்சத்திரத்துக்கு உடை போனால் தைத்துக்கொள்ளலாம். குழுவில் வாசிக்கிறவனுக்கு வயலின் போனால் சோறு போய்விடும். அது வயலின் வாசித்தவருக்குத் தெரியும்.

வயலின்காரி

❤️

கடைசிக் காலத்துல சொல்லிக்கொடுக்கறதுலதான் இருந்தாங்க. பிலடெல்பியாவுல கர்ட்டிஸ், நியூயார்க்குல ஜூலியர்ட். கோடையில ஜார்ஜ் ஏரிக்கரையில போல்டன் லேண்டிங்ல ஒரு ஸ்டூடியோ, அது இப்ப மியூசியம். மாணவிகள்ல ஆல்மா க்ளுக், ட்யூசொலினா ஜியானினி எல்லாம் பெரிய ஆளுங்க. ஆல்மா க்ளுக் கல்யாணம் பண்ணிக்கிட்டது எஃப்ரம் ஸிம்பாலிஸ்ட்டை. மறுபடி ஒரு வயலின்காரர். 😀

பழைய கொட்டகை

சரி, எனக்கு ஒரே ஒரு தட்டு சொல்லுங்கள். இன்று ராத்திரி கேட்கிறேன். மனசு மாறுகிறதா பார்ப்போம்.

ஊசிமுனை

"லூச்சியா" செக்ஸ்டெட் (ஆறு பேர் சேர்ந்து பாடும் பகுதி), 1908, விக்டர் கம்பெனி. கரூஸோ, செம்ப்ரிக், ஸ்கொத்தி, ஜூர்னே, கூட இரண்டு பேர். ஆறு பேர் ஒரே குழல் முன்னால். ஒரு பக்கம் மட்டும் பதிந்த தட்டு, அன்றைய விலை 7 டாலர்! அதனாலேயே "ஏழு டாலர் செக்ஸ்டெட்" என்று பெயர். உங்கள் கரூஸோவும் இருப்பதால் ஒப்பிடவும் வசதி.

கணக்குப்பிள்ளை

கேக்கறதுக்கு முன்னாடி வேகத்தைப் பாத்துக்கங்க. நிமிஷத்துக்கு 78 சுத்துன்னு பேருதான், அந்தக் காலத்துல கம்பெனிக்குக் கம்பெனி, நாளுக்கு நாள் மாறும். 74 சுத்துல பதிஞ்சதை 78ல ஓட்டினா கிட்டத்தட்ட ஒரு அரைச் சுரம் மேல ஏறிடும். குரலும் சின்னதா, இளசா ஆயிடும்.

பழைய கொட்டகை

எந்தச் சுருதியில் பாடினார்கள் என்று எப்படித் தெரியும்? லூச்சியாவின் பைத்தியக் காட்சியை தொனிசெத்தி எஃப் மேஜரில் எழுதினார், ஊர் உலகம் ஈ ஃப்ளாட்டில் பாடுகிறது. சுரத்தாளை நம்பி வேகம் வைத்தால் தலைகீழாகிவிடும்.

கணக்குப்பிள்ளை

தனிப்பாட்டுக்கு அது சரி. அவங்கவங்க தொண்டைக்கு ஏத்தி இறக்கிக்குவாங்க. ஆனா செக்ஸ்டெட்ல ஆறு பேர், கீழ பாஸ் வேற இருக்கார். ஒருத்தருக்காக இறக்கினா இன்னொருத்தர் மாட்டிக்குவார். அதனால சுரத்தாள்ல இருக்கற டி ஃப்ளாட்னே வெச்சுக்கலாம். என்கிட்ட இருக்கற கோப்பு பியானோவோட ஒத்துப் பாத்தா டி-க்குப் பக்கத்துல நிக்குது. அரைச் சுரம் மேல. இருங்க, இறக்கிட்டு வரேன்.

கணக்குப்பிள்ளை

இறக்கிட்டேன். நாலு தடவை கேட்டேன்.

கரூஸோ கொஞ்சம் கனத்துட்டார், அவ்வளவுதான். ஆச்சரியம் அந்த அம்மாதான். இத்தனை வருஷமா நான் கேட்டுட்டு இருந்தது ஒரு 20 வயசுப் பொண்ணு. இப்ப பாடறது வேற ஆள். மேல போற இடத்துல ஒரு நிதானம், சத்தத்தைக் கூட்டாம அஞ்சு பேர் குரலுக்கும் மேல ஒரு கோடு இழுத்துட்டுப் போறாங்க. 1908-ல என்ன வயசு அவங்களுக்கு?

வயலின்காரி

பிப்ரவரி 15 பிறந்த நாள். 50.

பழைய கொட்டகை

கோப்பை இங்கே ஏற்றுங்கள் ஐயா. ரைஸா இழையை நாளைக்குத் திறந்துகொள்கிறேன்.